வெளிக்கரைசலை மாற்றிப் பொட்டாசியம் சேனலை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பொட்டாசியம் சேனலை (செல் சவ்வில் பொட்டாசியம் அயனி கடந்துபோகும் புரதத் துளையை) அளக்கக் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே ஒரே இடத்தில் சறுக்குவார்கள். வெளியே பொட்டாசியத்தை 5 மில்லிமோலாரிலிருந்து 20-க்கு ஏற்றுவார்கள். வெளிநோக்கிய மின்னோட்டம் குறையும். உடனே குறிப்பேட்டில் "வெளிப் பொட்டாசியம் சேனலை அடைக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். சேனலுக்கு அங்கே ஒன்றுமே ஆகியிருக்காது. பொட்டாசியத்தை வெளியே தள்ளும் விசைதான் குறைந்திருக்கும்.

வெளியே ஓர் அயனியை மாற்றினால் ஒன்று மட்டும் மாறுவதில்லை. சமநிலை மின்னழுத்தம், அதாவது அந்த அயனியின் நிகர ஓட்டம் நின்றுபோகும் மின்னழுத்தம், நகரும். அந்த அயனிக்கு ஈடாக எடுத்த இன்னொரு அயனி குறையும். சவ்வின் மேற்பரப்பு மின்னூட்டம் வேறாகத் தெரியும். மின்முனைகளின் மின்னழுத்தமும் சற்று இடம்மாறும். இவை எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் "சேனலை அயனி கட்டுப்படுத்துகிறது" என்று சொல்லலாம். கீழே உள்ள படிகள் அந்தக் கழித்தலுக்கான வரிசை. முழுச்செல் பேட்ச் கிளாம்ப் முறையில் (கண்ணாடிப் பிப்பெட்டைச் செல்லோடு இறுக ஒட்டி மின்னோட்டத்தை அளப்பது) சீல் போடத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"வெளிப் பொட்டாசியம் என்ன செய்கிறது?" என்பது அளக்கக்கூடிய கேள்வி அல்ல. அயனி எந்த வழியாகச் செயல்படுகிறது என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

வழிகள் அதிகம் இல்லை. உந்துவிசை மாறலாம். துளைக்குள் அயனி உட்கார்ந்து பாதையை அடைக்கலாம். வெளிவாயிலில் உட்கார்ந்து, துளை சுருங்கிச் செயலிழக்காமல் தாங்கிப் பிடிக்கலாம். மேற்பரப்பு மின்னூட்டத்தை மறைத்து, சேனல் திறக்கும் மின்னழுத்தத்தை நகர்த்தலாம். புரோட்டானோ துத்தநாகமோ புரதத்தின் ஏதாவது ஓர் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வழிக்கும் தேவையான கட்டுப்பாட்டுச் சோதனை வேறு. அதனால் கரைசல் கலக்குவதற்கு முன்பே இந்த வாக்கியம் தாளில் இருக்க வேண்டும்.

2. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

பிஎச் மீட்டர், ஆஸ்மோமீட்டர், சொல்யூஷனை விரைவாக மாற்றும் அமைப்பு, வெப்பமானி ஆகியவை வேண்டும். பாத் (செல் மூழ்கியிருக்கும் வெளிக்கரைசல்) மின்முனைக்கு 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய அகர் பாலமும் கட்டாயம். வெளியே குளோரைடின் அளவு மாறினால் வெற்று வெள்ளி-வெள்ளி குளோரைடு கம்பியின் மின்னழுத்தமும் கூடவே மாறும். அதைச் சேனலின் மாற்றம் என்று படித்துவிடுவோம்.

நீங்கள் அளக்கும் சேனலை மட்டும் அடைக்கும் மருந்து ஒன்றும் கையில் இருக்கட்டும். ஹெர்க் சேனலுக்கு (இதயத்திலுள்ள ஒரு பொட்டாசியம் சேனல்) ஈ-4031, கிர் சேனலுக்குப் (பொட்டாசியத்தை வெளியே விடுவதைவிட உள்ளே எளிதாக விடும் வகை) பேரியம். ஒவ்வொரு செல்லின் முடிவிலும் இது தேவைப்படும். ஏன் என்பது 5-ஆம் படியில் வருகிறது.

3. கரைசல் கணக்கு

தவறுகளில் பாதி கலக்கும் மேசையிலேயே நடந்துவிடுகின்றன. இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

பொதுவாகச் செய்வது, பொட்டாசியத்தை ஏற்றும் அளவுக்குச் சோடியத்தை இறக்குவது. ஆஸ்மோலாரிட்டி (கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு) சரியாக இருக்கும், ஆனால் இரண்டு அயனிகள் ஒரே நேரத்தில் மாறிவிடும். ஹெர்க் போன்ற சேனலை வெளிச் சோடியமே அடைக்கும் என்பதால், கிடைத்த விளைவு எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. எனவே சோடியத்தை அசைக்காமல், பொட்டாசியத்துக்கு ஈடாக என்எம்டிஜி என்ற பெரிய நேரயனியை மாற்றுங்கள். அது துளைக்குள் போகாது.

நான் பயன்படுத்தும் கணக்கு இது. சோடியம் குளோரைடு 100, கால்சியம் குளோரைடு 1.8, மக்னீசியம் குளோரைடு 1, ஹெப்பெஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் தாங்கல்) 10, குளுக்கோஸ் 10 மில்லிமோலார். இவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் என்எம்டிஜி குளோரைடும் சேர்ந்து எப்போதும் 40. பொட்டாசியம் 2 என்றால் என்எம்டிஜி 38, பொட்டாசியம் 20 என்றால் என்எம்டிஜியும் 20. குளோரைடும் சோடியமும் மொத்த அயனிச் செறிவும் எல்லாக் கரைசலிலும் ஒன்றாகவே இருக்கும்.

என்எம்டிஜி ஒரு காரம். பொடியாக அப்படியே போடாதீர்கள். முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்து, 1 மோலார் ஸ்டாக்காக வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுங்கள்.

அடுத்தது, நான் அதிக முறை பார்த்த தவறு: வெளிக்கரைசலின் பிஎச்சைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்வது. 10 மில்லிமோலார் ஹெப்பெஸை 7.4-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமோலார் காரம் வேண்டும். புட்டியில் "2 மில்லிமோலார் பொட்டாசியம்" என்று எழுதியிருக்கும், உள்ளே 6-க்கு மேல் இருக்கும். வெளிக்கரைசல் அனைத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு மட்டுமே பயன்படுத்துங்கள். பிஎச் மின்முனையை நெடுநேரம் கரைசலிலேயே ஊறவிடவும் வேண்டாம். அதன் உள்ளிருக்கும் பொட்டாசியம் குளோரைடு மெல்லக் கசியும், குறைந்த பொட்டாசியக் கரைசலில் அந்தக் கசிவும் கணக்கில் வரும்.

உட்கரைசலில் நிலைமை தலைகீழ். அங்கே பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான் சரி, ஆனால் ஊற்றிய அளவைக் குறித்துவைக்க வேண்டும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ 10 மில்லிமோலார் மட்டுமே சுமார் 20 மில்லிமோலார் காரத்தைக் கேட்கும். பொட்டாசியம் குளோரைடை 140 என்று போட்டுவிட்டு அதன்மேல் இதையும் ஊற்றினால் உள்ளே இருப்பது 160-க்கு மேல். மொத்தம் 140 வரும்படி பொட்டாசியம் குளோரைடைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பேரியம் பயன்படுத்தும் கரைசலில் சல்ஃபேட்டும் பாஸ்ஃபேட்டும் இருக்கக் கூடாது, வீழ்படிவாகிவிடும். ஈஜிடிஏ உள்ள கரைசலில் கால்சியம் சேர்த்த பிறகுதான் பிஎச்சை இறுதியாகச் சரிசெய்ய வேண்டும். ஏனென்றால் கால்சியத்தைப் பிடிக்கும்போது ஈஜிடிஏ புரோட்டான்களை வெளியே விடுகிறது.

4. எதிர்பார்ப்பை முதலில் கணக்கிட்டு ஒட்டிவையுங்கள்

உள்ளே 140 மில்லிமோலார், அறை வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ் என்றால் நெர்ன்ஸ்ட் சமன்பாடு பத்து மடங்கு மாற்றத்துக்குச் சுமார் 58.6 மில்லிவோல்ட் தரும். அதன்படி பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம்:

வெளியே 2 மில்லிமோலார்: −108 மில்லிவோல்ட்
வெளியே 5: −85
வெளியே 10: −67
வெளியே 20: −50
வெளியே 40: −32

37 டிகிரியில் அளந்தால் 58.6-க்குப் பதில் 61.5. இந்த அட்டவணையை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். அளவீட்டில் மின்னோட்டம் திசைமாறும் புள்ளி இந்த எண்களிலிருந்து 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினால் மேலே போகாதீர்கள். கரைசலில் தவறு இருக்கலாம், கசிவு இருக்கலாம், அல்லது சேனல் பொட்டாசியத்தை மட்டும் கடத்தவில்லை. மூன்றில் எது என்று தெரியாமல் எடுக்கும் தரவு பயன்படாது.

செல்லைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, திரவச் சந்தி மின்னழுத்தம் (பிப்பெட் கரைசலும் பாத் கரைசலும் சந்திக்கும் இடத்தில் எழுவது). பிப்பெட்டில் பொட்டாசியம் குளோரைடு என்றால் இது சில மில்லிவோல்ட்தான். பொட்டாசியம் குளுக்கோனேட் என்றால் 10 மில்லிவோல்ட்டைத் தாண்டும். அதைத் திருத்தாமல் அட்டவணையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. திருத்தத்தின் குறியை மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு, அப்போது பிழை இரட்டிப்பாகும்.

இரண்டாவது, தொடர் மின்தடை (பிப்பெட்டுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையில் உள்ளது). 6 மெகாஓம் மின்தடையில் 2 நானோஆம்பியர் ஓடினால் 12 மில்லிவோல்ட் பிழை. 80 சதவீதம் ஈடுசெய்த பிறகும் 2.4 மிஞ்சும். பொட்டாசியத்தை மாற்றும்போது மின்னோட்டத்தின் அளவும் மாறுகிறது, எனவே இந்தப் பிழை கரைசலுக்குக் கரைசல் வேறுபடும். இதனால்தான் மிகப் பெரிய மின்னோட்டம் தரும் செல்லைப் புதியவர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது எனக்குக் கவலை தருகிறது. அடக்கமான மின்னோட்டம் தரும் செல்லே இந்த வேலைக்கு நல்லது.

மூன்றாவது, கரைசல் மாறும் நேரம். திறந்த பிப்பெட் முனையை, செல் இருக்கப்போகும் இடத்தில் வைத்து, நீர்த்த பாத் கரைசலுக்கு மாற்றுங்கள். முனையின் மின்னோட்டம் எத்தனை நொடியில் நிலைகொள்கிறதோ அதுதான் உண்மையான மாற்ற நேரம். வால்வு திறந்த நொடியை விளைவு தொடங்கிய நொடியாக எடுத்துக்கொண்டால் "மெதுவாகச் செயல்படும் அயனி" என்ற பொய்யான கண்டுபிடிப்பு கிடைக்கும்.

5. பதிவு செய்யும் வரிசை

எப்போதும் கட்டுப்பாடு, சோதனை, மீண்டும் கட்டுப்பாடு. திரும்பி வராத விளைவு அயனியின் விளைவா, சேனலின் சோர்வா என்று சொல்ல முடியாது. கிர் சேனல்கள் திறந்திருக்கச் சவ்விலுள்ள பிஐபி2 என்ற கொழுப்பு மூலக்கூறு தேவை. பதிவு நீள நீள மின்னோட்டம் தானாகவே தேயக்கூடும். பொட்டாசியத்தை எப்போதும் 2, 5, 10, 20 என்று ஏறுவரிசையிலேயே கொடுத்தால் அந்தத் தேய்வு முழுவதும் உயர்செறிவுகளின் கணக்கில் ஏறிவிடும். செல்லுக்குச் செல் வரிசையைக் கலைத்துப் போடுங்கள்.

கசிவுக் கழித்தலில் ஒரு பொறி இருக்கிறது. பி/4 முறை (சோதனைத் துடிப்பின் கால் பங்கு அளவுள்ள சிறு துடிப்புகளால் கசிவை மதிப்பிடுவது), எதிர்மின்னழுத்தத்தில் சேனல்கள் மூடியிருக்கும் என்று நம்பிச் செயல்படுகிறது. கிர் சேனல் அங்கேதான் நன்றாகத் திறந்திருக்கும். அந்த முறை உங்கள் சேனலையே கழித்துவிடும். அதனால்தான் கடைசியில் அடைப்பு மருந்து. மருந்துக்குப் பின் மிஞ்சும் மின்னோட்டத்தை முந்தைய பதிவிலிருந்து கழியுங்கள். வெளிக்கரைசல் ஒவ்வொன்றிலும் மருந்துடன் ஒரு பதிவு வேண்டும், ஒரே கசிவை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்காதீர்கள்.

ஹெர்க் அளப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. +20 மில்லிவோல்ட்டில் திறந்து, −50-இல் வால் மின்னோட்டத்தை (மின்னழுத்தத்தை இறக்கிய பின் சேனல்கள் மூடும்வரை ஓடுவதை) அளப்பது வழக்கமான நெறிமுறை. வெளியே 20 மில்லிமோலார் இருக்கும்போது −50 என்பது சரியாகச் சமநிலை மின்னழுத்தம். சேனல்கள் எல்லாம் திறந்திருந்தாலும் மின்னோட்டம் பூச்சியம். ஒருவர் இதைப் பார்த்து, பொட்டாசியம் ஹெர்க்கை முழுவதுமாக நிறுத்திவிட்டது என்று இரண்டு நாள் நம்பியிருந்தார். வால் மின்னழுத்தத்தை −120 முதல் +40 வரை படிப்படியாக மாற்றி முழுத் தொகுப்பாக எடுங்கள்.

6. முதல் கழித்தல்: உந்துவிசை

மின்னோட்டத்தை அப்படியே ஒப்பிடாதீர்கள். அதை (சவ்வு மின்னழுத்தம் கழித்தல் சமநிலை மின்னழுத்தம்) என்ற உந்துவிசையால் வகுத்துக் கடத்துதிறனாக மாற்றுங்கள். சமநிலை மின்னழுத்தத்துக்கு 10 மில்லிவோல்ட் இருபுறமும் உள்ள புள்ளிகளை விட்டுவிடுங்கள், சிறிய எண்ணால் வகுப்பதால் அங்கே பிழை பெருகும்.

ஒரு கணக்கு. சவ்வு 0 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. வெளியே 5 என்றால் உந்துவிசை 85, 20 என்றால் 50. சேனல் துளியும் மாறாவிட்டால் மின்னோட்டம் 59 சதவீதமாகக் குறைய வேண்டும். தொடக்கத்தில் சொன்ன "அடைப்பு" இதுதான். அளவீடும் 59-க்கு அருகிலேயே வந்தால் ஒழுங்குபடுத்தல் என்று பேசவே இடமில்லை. மின்னோட்டம் குறையாமல் நின்றால், அல்லது கூடினால், அப்போதுதான் சேனல் ஏதோ சொல்கிறது.

திறந்த துளையின் மின்னோட்டம் எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை. உள்ளே 140, வெளியே 2 என்ற ஏற்றத்தாழ்வில் கோல்ட்மன் சமன்பாடு வளைந்த கோட்டையே கணிக்கும். உங்கள் தரவை அந்த வளைவோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே "கடத்துதிறன் மாறியது" என்று எழுதுங்கள்.

7. சேனல் வாரியாக என்ன தெரியவேண்டும்

உங்கள் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று அறிய, நன்கு தெரிந்த ஒரு விளைவை முதலில் மீட்டெடுங்கள். புதிய சேனலுக்கு அதன் பிறகு போகலாம்.

கிர்2.1 இதற்கு மிகவும் பொருத்தம். இதன் கடத்துதிறன் வெளிப் பொட்டாசியத்தின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் ஏறும். −120 மில்லிவோல்ட்டில் 5-இலிருந்து 20-க்கு மாற்றுங்கள். உந்துவிசை 35-இலிருந்து 70, அதாவது இரண்டு மடங்கு. கடத்துதிறனும் இரண்டு மடங்கு. உள்ளோட்டம் நான்கு மடங்குக்கு அருகில் வர வேண்டும். உள்ளிருந்து ஸ்பெர்மின் போன்ற பாலிஅமீன்களும் மக்னீசியமும் வந்து துளையை அடைப்பதால் வெளியோட்டம் சுருங்கும். அந்தச் சுருக்கமும் சமநிலை மின்னழுத்தத்தோடு சேர்ந்து நகரும். இதனால் இரண்டு செறிவுகளின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், சில மின்னழுத்தங்களில் உந்துவிசை குறைந்தும் வெளியோட்டம் கூடியிருக்கும். அந்த வெட்டுப்புள்ளி கிடைத்துவிட்டால் உங்கள் கரைசல்களை நம்பலாம்.

ஹெர்க்கில் இன்னும் தெளிவாகத் தெரியும். வெளிப் பொட்டாசியம் ஏறினால் உந்துவிசை குறைந்தும் வெளியோட்டம் கூடும். தேர்வு வடிகட்டியின் (துளையில் பொட்டாசியத்தைத் தேர்ந்து விடும் குறுகிய பகுதியின்) வெளிவாயிலில் பொட்டாசியம் அமர்ந்திருக்கும்வரை, அங்கே நிகழும் செயலிழப்பு தாமதமாகிறது. சோடியத்தின் அடைப்பும் தளர்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க, 3-ஆம் படியில் சொன்னபடி சோடியத்தை நிலையாக வைத்த கரைசல் வேண்டும். பிறகு பொட்டாசியத்தை நிலையாக வைத்து, சோடியத்தை மட்டும் என்எம்டிஜியால் மாற்றிய இன்னொரு தொகுதி வேண்டும்.

இந்த ஒரு சேனலுக்காகவே புதியவர்களிடம் பொறுமையாக இரு என்று நான் கேட்பதுண்டு. இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற இயல்பு எல்லைக்குக் கீழே போகும்போது, ஹெர்க் மின்னோட்டம் குறைந்து இதயத்தின் மறுமுனைவாக்கம் (ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் சவ்வு பழைய மின்னழுத்தத்துக்குத் திரும்புவது) நீள்கிறது. ஈசிஜியில் கியூடி இடைவெளி (இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரம்) நீள்வதற்கும், ஆபத்தான துடிப்புக் கோளாறுகளுக்கும் அது வழிவிடும். சமநிலை மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் நேர்மாறாக அல்லவா கணித்திருப்போம்?

ஷேக்கர் வகைச் சேனல்களில் (மின்னழுத்தத்தால் திறக்கும் பொட்டாசியம் சேனல்கள்) பொட்டாசியம் வெளிவாயிலைத் தாங்கிப் பிடிக்கும் இதே விளைவு, சி-வகைச் செயலிழப்பு (வெளிவாயில் சுருங்குவதால் வருவது) தாமதமாவதாகத் தெரியும். துளையின் வெளிவாயிலில் 449-ஆம் இடத்து அமினோ அமிலத்தை மாற்றினால் செயலிழப்பின் வேகம் பெருமளவு மாறும். இதே குடும்பத்தின் கேவி1.4-இல் வெளிப் பொட்டாசியத்தை முழுவதும் எடுத்துவிட்டால் மின்னோட்டமே மறைந்துவிடும். பதறிப்போய்ச் செல்லைத் தூக்கிப் போடாதீர்கள், பொட்டாசியத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

டாஸ்க்-1, டாஸ்க்-3 என்ற பொட்டாசியம் சேனல்கள் இரண்டும் வெளிப் புரோட்டானுக்கு உணர்வுள்ளவை. டாஸ்க்-1 பாதியாகக் குறைவது பிஎச் 7.3-க்கு அருகில், டாஸ்க்-3-க்குச் சுமார் 6.7. வடிகட்டியை ஒட்டி இருக்கும் 98-ஆம் இடத்து ஹிஸ்டிடின் முக்கிய உணரி.

8. இரண்டாவது கழித்தல்: மேற்பரப்பு மின்னூட்டமா, ஒட்டுதலா?

கால்சியத்தையோ மக்னீசியத்தையோ கூட்டினால், மின்னழுத்தத்தால் திறக்கும் சேனல்களின் திறப்பு வளைவு நேர்மின்னழுத்தத்தின் பக்கம் நகரும். சவ்வின் வெளிமுகத்திலுள்ள எதிர்மின்னூட்டங்களை இந்த அயனிகள் மறைப்பதால், சேனலின் உணரி காணும் மின்புலம் மாறுகிறது. சேனலில் ஒட்டாமலே இது நடக்கும்.

பிரித்தறிய இரண்டு சோதனைகள். ஒன்று, திறப்பு வளைவும் செயலிழப்பு வளைவும் திறக்கும் வேகமும் ஒரே அளவு மில்லிவோல்ட் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்தால் பெரும்பாலும் மின்னூட்ட மறைப்பு. ஒன்று மட்டும் நகர்ந்தால் ஒட்டுதலைச் சந்தேகியுங்கள். இன்னொன்று, ஒரே செறிவில் வேறு வேறு இருமதிப்பு அயனிகளைக் கொடுங்கள். வெறும் மறைப்பு என்றால் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். துத்தநாகம் மைக்ரோமோலார் அளவிலேயே வேலைசெய்தால் அதற்கென ஓர் இடம் இருக்கிறது.

அடைப்பைச் சோதிக்கும்போது மின்னழுத்தத்தைச் சார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து வரும் பேரியம், எதிர்மின்னழுத்தம் கூடக்கூட ஆழமாக இழுக்கப்படும், அடைப்பும் வலுக்கும். அதன் அயனி ஆரம் பொட்டாசியத்தின் ஆரத்துக்கு மிக அருகில் இருப்பதால் வடிகட்டிக்குள் பொருந்திவிடுகிறது, மின்னூட்டம் இரட்டிப்பு என்பதால் எளிதில் நகர்வதில்லை. கிர் சேனலில் அடைப்பு நிலைகொள்ள நேரமெடுக்கும். அரை நொடித் துடிப்பின் முடிவில் மின்னோட்டம் இன்னும் சரிந்துகொண்டிருந்தால் நீங்கள் அளந்தது சமநிலை மதிப்பு அல்ல. துடிப்பை நீட்டுங்கள். வெளிப் பொட்டாசியத்தை ஏற்றி அடைப்பு தளர்கிறதா என்றும் பாருங்கள், இரண்டும் ஒரே பாதையில் போட்டியிடுவதற்கு அது நல்ல சான்று.

புரோட்டானுக்கு ஒரு குறிப்பு: ஹெப்பெஸின் தாங்கும் திறன் பிஎச் 6.8 முதல் 8.2 வரைதான். 6-க்கு இறங்க வேண்டுமானால் மெஸ் தாங்கல் எடுங்கள். தாங்கலையே மாற்றியதால் வந்த விளைவு அல்ல என்று காட்ட, பிஎச் 7-க்கு அருகில் இரண்டு தாங்கலிலும் ஒரு பதிவு எடுத்து ஒப்பிடுங்கள்.

9. முடிவை ஐயுற வேண்டிய இடங்கள்

நீண்ட, பெரிய வெளியோட்டத்தின்போது செல்லை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் பொட்டாசியம் சேர்ந்துவிடும். நீங்கள் 2 கொடுத்தாலும் சேனல் அதைவிட அதிகம் பார்க்கும். துடிப்புக்கு முன்னும் பின்னும் திசைமாறும் புள்ளியை அளந்தால் இது வெளிப்படும். நகர்ந்திருந்தால் துடிப்பைச் சுருக்குங்கள், ஓட்டத்தை விரைவாக்குங்கள்.

தவளை முட்டைச் செல்லில் இரு மின்முனை முறையில் வேலைசெய்கிறவர்களுக்கு உள் பொட்டாசியம் தம் கையில் இல்லை. 4-ஆம் படியின் அட்டவணையை அங்கே அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு செல்லிலும் திசைமாறும் புள்ளியை அளந்து, உந்துவிசையை அதிலிருந்து கணக்கிடுங்கள்.

கடைசியாகக் குறிப்பேடு. ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் வெப்பநிலை, ஊற்றிய காரத்தின் பெயரும் அளவும், சந்தித் திருத்தத்தின் மதிப்பும் குறியும், ஈடுசெய்த பின் மிஞ்சிய தொடர் மின்தடை, கரைசல் கொடுத்த வரிசை, அளந்த திசைமாறும் புள்ளி ஆகியவற்றை எழுதுங்கள். அன்றே எழுதுங்கள், ஆறு மாதம் கழித்து இவற்றில் ஒன்றைக்கூடத் தரவுக் கோப்பிலிருந்து மீட்டெடுக்க முடியாமல் போகலாம்.